பைபோலார் டூ: டாக்டர்கிட்ட நாம சொல்லாம விட்டுடுற அந்த "நல்ல நாட்கள்"

எங்க அண்ணன் ஏழு வருஷம் டிப்ரஷனுக்கு மாத்திரை சாப்பிட்டார். நடுவுல மூணு டாக்டர் மாத்தியாச்சு, மாத்திரையும் நாலஞ்சு தடவை மாத்தியாச்சு, கொஞ்ச நாள் தேவலையா இருக்கும், மறுபடி படுத்துடுவார். கடைக்குப் போகமாட்டார், குளிக்கமாட்டார், புள்ள வந்து மடியில உக்காந்தாக்கூட செவுத்தையே பாத்துட்டு இருப்பார். எட்டாவது வருஷம் பாத்த டாக்டரம்மா அவர்கிட்ட எல்லாத்தையும் கேட்டு எழுதிட்டு, கடைசியா அண்ணி பக்கம் திரும்பி, "இவர் சோர்ந்து கிடந்த நாளெல்லாம் சொல்லிட்டீங்கம்மா, வழக்கத்தை விட ரொம்ப சுறுசுறுப்பா, ரொம்ப நல்லா இருந்த நாள்னு ஏதாவது உண்டா"ன்னு கேட்டாங்க.

அண்ணி முகம் மலர்ந்து போய்ச் சொன்னாங்க. "போன தை மாசம் ஒரு பத்து நாள் தங்கமா இருந்தாருங்க டாக்டர், ராத்திரி ஒரு மணிக்குப் படுத்து நாலு மணிக்கே எந்திரிச்சுடுவாரு, மொட்டைமாடிக்கு அவரே வெள்ளையடிச்சாரு, பத்து வருஷமா பேசாத சிநேகிதங்களுக்கு எல்லாம் போன் போட்டாரு, ஆட்டுப்பண்ணை வைக்கப்போறேன்னு அறுபதாயிரம் அட்வான்ஸ் கூட குடுத்துட்டாரு, அத்தை கோயிலுக்குப் போய் பொங்கல் வச்சுட்டு வந்தாங்க." டாக்டரம்மா பேனாவை எடுத்து அதை மட்டும் ஒரு பக்கம் எழுதுனாங்க. அந்த பத்து நாளும் நோய்ல சேர்ந்ததுதான்னு அன்னைக்கு வரைக்கும் எங்க வீட்டுல யாருக்கும் தெரியாது, அண்ணனுக்கும் தெரியாது.

இதுக்குப் பேர்தான் பைபோலார் டூ. தமிழ்ல இருமுனையப் பிறழ்வு, இருதுருவக் கோளாறுன்னு எல்லாம் எழுதுவாங்க, அதுல இரண்டாம் வகை. பேச்சுல எல்லாரும் பைபோலார்னே சொல்றதால நானும் அப்படியே சொல்றேன்.

மனசு ரெண்டு பக்கமா போகும்ங்கிறது பேர்லயே இருக்கு, ஒரு பக்கம் டிப்ரஷன், இன்னொரு பக்கம் அதுக்கு நேர் எதிரான ஒரு எழுச்சி. அந்த எழுச்சி எவ்வளவு தூரம் போகுதுங்கிறதை வச்சுத்தான் ஒண்ணாம் வகை, ரெண்டாம் வகைன்னு பிரிக்கிறாங்க. முழு உச்சத்துக்குப் போனா அது மேனியா. அதுல ஆளு தன்னை சாமி அனுப்பி வச்சதா நம்பலாம், இல்லாத குரல் காதுல கேக்கலாம், வேலையும் குடும்பமும் சிதறிப்போற அளவுக்குப் போகும், ஆஸ்பத்திரியில சேர்க்க வேண்டி வரும். வாழ்க்கையில ஒரே ஒரு தடவை மேனியா வந்திருந்தாக்கூட அது பைபோலார் ஒண்ணுதான். அந்த அளவுக்குப் போகாம, ஆனா வழக்கமான நிலையில இருந்து நல்லா மேல எழும்பி நிக்கிறதுக்குப் பேர் ஹைப்போமேனியா. ஒரு தடவையாவது ஹைப்போமேனியா வந்திருக்கணும், ஒரு தடவையாவது முழு டிப்ரஷன் வந்திருக்கணும், மேனியா ஒரு தடவை கூட வந்திருக்கக் கூடாது, இந்த மூணும் சேர்ந்தாத்தான் பைபோலார் டூ.

ஹைப்போமேனியாவைத்தான் நிறுத்தி நிதானமா புரிஞ்சுக்கணும், ஏன்னா குழப்பமே அங்கதான். டாக்டருங்க பயன்படுத்துற அமெரிக்க மனநல கையேடு, டிஎஸ்எம்-5ன்னு சொல்வாங்க, 2013ல வந்தது, அதுல என்ன இருக்குன்னா, மனநிலை வழக்கத்துக்கு மாறா உற்சாகமாவோ எரிச்சலாவோ இருக்கணும், கூடவே உடம்புல சக்தியும் ஓட்டமும் கூடியிருக்கணும், இது தொடர்ந்து குறைஞ்சது 4 நாளாவது, நாளோட பெரும்பகுதி நேரம் இருக்கணும். அதோட ஏழு அறிகுறி குடுத்திருக்காங்க, அதுல மூணு இருந்தாகணும், மனநிலை வெறும் எரிச்சல் மட்டும்தான்னா நாலு இருந்தாகணும். தன்னைப் பத்தி பெரிய நினைப்பு வர்றது, தூக்கம் தேவைப்படாம போறது, நிறுத்தாம பேசுறது, யோசனை ஒண்ணு மேல ஒண்ணா ஓடுறது, எதுலயும் கவனம் நிக்காம தாவுறது, வேலையை அள்ளிப்போட்டு செய்றது இல்லன்னா சும்மா உக்கார முடியாம அலையுறது, பின்விளைவு யோசிக்காம காசை இறைக்கிறது மாதிரி ஆபத்தான காரியத்துல இறங்குறது, இதுதான் அந்த ஏழு.

இதுல தூக்கத்தைப் பத்தி மட்டும் தனியா சொல்லணும். "தூக்கம் வரலை"ங்கிறதும் "தூக்கம் தேவைப்படலை"ங்கிறதும் வேற வேற. டிப்ரஷன்லயும் சரி, கவலையிலயும் சரி, ராத்திரி முழுக்க புரண்டு புரண்டு படுத்துட்டு காலையில கண்ணு எரிய, உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி எந்திரிப்போம். ஹைப்போமேனியாவுல மூணு மணி நேரம் தூங்கிட்டு எட்டு மணி நேரம் தூங்குன ஆள் மாதிரி தெளிவா எந்திரிப்பாங்க, மறுநாளும் அதே மாதிரி, அதுக்கு மறுநாளும் அதே மாதிரி. வீட்டுல இருக்கிறவங்க கண்ணுல ஈசியா படக்கூடிய அடையாளம் இதுதான், என்னைக் கேட்டா மத்த ஆறையும் மறந்தாலும் இதை மறக்காதீங்கன்னுதான் சொல்வேன்.

இன்னொண்ணு, ஹைப்போமேனியான்னா எப்பவும் சந்தோஷமா இருப்பாங்கன்னு நினைச்சுடக் கூடாது. நிறைய பேருக்கு அது கோவமாத்தான் வெளிய வருது. சாப்பாடு வைக்க ரெண்டு நிமிஷம் லேட்டானா சுள்ளுனு விழுறது, எதிர்ல இருக்கிறவங்க எல்லாம் மெதுவா பேசுறாங்க மெதுவா நடக்குறாங்கன்னு கடுப்பாகுறது, ஆபீஸ்ல மேனேஜர்கிட்ட எகிறுறது, இதையெல்லாம் நாம "கோவக்காரன்"னு ஒரே வார்த்தையில முடிச்சுடுறோம். ஆனா அந்தக் கோவம் எப்பவும் இருக்கிற குணமா, இல்ல திடீர்னு ஒரு வாரம் வந்து தானா அடங்கிப்போகுதான்னு பாக்கணும். பிறவியிலயே கலகலன்னு இருக்கிறவங்களுக்கு ஹைப்போமேனியான்னு பேர் வைக்கக் கூடாது, அந்த ஆளோட வழக்கத்துல இருந்து மாறியிருக்கணும், அந்த மாற்றம் பக்கத்துல இருக்கிறவங்களுக்கும் தெரிஞ்சிருக்கணும்.

டிப்ரஷன் பக்கம் இப்ப நிறைய பேருக்குத் தெரிஞ்சதுதான், அதனால சுருக்கமா சொல்லிடுறேன். குறைஞ்சது 2 வாரம், ஒன்பது அறிகுறியில அஞ்சு இருக்கணும், அந்த அஞ்சுல மனசு கனமா இருக்கிறதோ எதுலயும் பிடிப்பு இல்லாம போறதோ கட்டாயம் ஒண்ணு இருக்கணும். மத்ததெல்லாம் தூக்கம், பசி, களைப்பு, கவனம், உடம்பு அசைவு மெதுவாகுறது, தன் மேலயே குற்ற உணர்ச்சி, சாவைப் பத்தின நினைப்பு.

ரெண்டாம் வகைன்னா "லைட்டா" வந்த பைபோலார்னு சில பேர் ஆறுதலுக்குச் சொல்றதை நானே கேட்டிருக்கேன், அது தப்பு. எழுச்சி மட்டும்தான் சின்னது, பள்ளம் சின்னது கிடையாது. 2003ல வெளியான ஒரு அமெரிக்க ஆய்வுல பைபோலார் டூ இருக்கிற 86 பேரை சராசரியா 13 வருஷத்துக்கு மேல தொடர்ந்து பாத்து, எந்த வாரம் எப்படி இருந்தாங்கன்னு கணக்கு எடுத்தாங்க. மொத்த வாரங்கள்ல கிட்டத்தட்ட பாதி, 50 சதவீதம், டிப்ரஷன் அறிகுறியோட போயிருக்கு, ஹைப்போமேனியாவுல போனது வெறும் 1.3 சதவீதம். தற்கொலை முயற்சி ஆபத்தும் ஒண்ணாம் வகையில இருக்கிறவங்களுக்குக் கிட்டத்தட்ட சமமாவே இருக்கு.

இந்தக் கணக்கை வச்சு யோசிச்சுப் பாருங்க, நூறு வாரத்துல அம்பது வாரம் படுத்துக் கிடக்குற ஆளு, ஒரே ஒரு வாரம்தான் பறந்துட்டு இருக்கார். டாக்டர்கிட்ட எந்த வாரம் போவார்? படுத்துக் கிடக்குறப்பதான் போவார், அதுவும் யாராவது கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனா. பறக்குறப்ப அவருக்கு எந்தக் குறையும் இல்ல, அந்த நாளுக்காகத்தான் அவர் ஏங்கிட்டே இருக்கார், அதைப் போய் எவன் நோய்னு சொல்லுவான். டிப்ரஷன்ல உக்காந்திருக்கிறப்ப அந்த நாளெல்லாம் ஞாபகமும் வராது, வந்தாலும் "அப்பதான் நான் நானா இருந்தேன்"னு தோணும். வீட்டுக்காரங்களும் "அப்பாடா புள்ள தேறிட்டான்"னு மூச்சு விட்டுருப்பாங்க. ஆக டாக்டர் முன்னாடி வர்றது பாதிக் கதைதான், அந்தப் பாதிக் கதைக்கு டிப்ரஷன்னு பேர் வைக்கிறதுல டாக்டரை மட்டும் குறை சொல்ல முடியாது. சரியான பேர் கிடைக்க பத்து வருஷம் கூட ஆகுறவங்க உலகம் பூரா இருக்காங்க.

பாடகி மரையா கேரி இதுக்கு எல்லாருக்கும் தெரிஞ்ச உதாரணம். 2001லயே அவங்களுக்கு பைபோலார்னு கண்டுபிடிச்சுச் சொல்லியிருக்காங்க, ஆனா அவங்களால அதை ஏத்துக்க முடியல, 2018லதான் தனக்கு பைபோலார் டூ இருக்குன்னு வெளிய சொன்னாங்க. ரொம்ப காலம் தனக்கு இருக்கிறது கடுமையான தூக்கப் பிரச்சனைன்னுதான் நினைச்சிருக்காங்க, விடாம வேலை வேலைன்னு ஓடியிருக்காங்க. மேடையில நிக்கிற மனுஷிக்கு அந்த வேகத்தை நோய்னு சந்தேகப்பட எப்படித் தோணும், கைதட்டல் தானே கிடைச்சிருக்கும்.

சரி, டாக்டர் எப்படித்தான் கண்டுபிடிக்கிறாங்க? முதல்ல ஒரு விஷயம், இதைக் காட்டுற ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேன் கிடையாது. ஸ்கேன் எடுத்து பைபோலார் இருக்கா இல்லையான்னு சொல்றேன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஆனா ரத்தம் எடுக்கத்தான் செய்வாங்க, அது எதுக்குன்னா வேற எதாவது இதே மாதிரி வேஷம் போடுதான்னு பாக்க. தைராய்டு அதிகமா சுரந்தா படபடப்பு, தூக்கக் குறைவு, எரிச்சல் எல்லாம் வரும், குறைவா சுரந்தா டிப்ரஷன் மாதிரியே ஆளை முடக்கிடும், அதனால டிஎஸ்எச்ங்கிற தைராய்டு டெஸ்ட் கட்டாயம் பாப்பாங்க. ஆஸ்துமாவுக்கோ மூட்டு வலிக்கோ ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுறீங்களா, குடிப்பழக்கம், கஞ்சா உண்டான்னு கேப்பாங்க, அதை மறைக்காதீங்க, போலீஸ்கிட்ட சொல்ல அவங்க கேக்கல.

மத்தபடி எல்லாமே பேச்சுதான். நல்ல சைக்கியாட்ரிஸ்ட்னா முதல் தடவை நேரம் எடுத்து, இப்ப என்ன கஷ்டம்ங்கிறதோட நிறுத்தாம வாழ்க்கை பூராவையும் ஒரு கோடு போட்ட மாதிரி கேப்பாங்க, ஸ்கூல்ல எப்படி இருந்தீங்க, காலேஜ்ல எப்படி, முதல் தடவை மனசு விழுந்தது எந்த வயசுல, அதுக்கு முன்னாடியோ பின்னாடியோ திடீர்னு ஓட்டமா ஓடுன காலம் உண்டான்னு. எங்க அண்ணன்கிட்டயும் அப்படித்தான் தோண்டுனாங்க, ஏன்னா தை மாசம் அவர் டிப்ரஷன் மாத்திரையில இருந்தார், அந்த எழுச்சி மாத்திரையால வந்ததா நோயால வந்ததான்னு பிரிக்கணும்ல. தோண்டுனப்பதான் வந்துச்சு, இருபத்தொரு வயசுல, எந்த மாத்திரையும் இல்லாதப்ப, காலேஜ் விழாவுக்காக ஒரு வாரம் தூங்காம அலைஞ்சு ஆளே மாறிப்போய் இருந்திருக்கார், அதுக்கு அடுத்த மாசம் செமஸ்டர் எழுதாம ஹாஸ்டல் ரூமுக்குள்ள போர்த்திட்டுப் படுத்துட்டார். அப்ப அதை வீட்டுல "காதல் தோல்வி போல"ன்னு முடிவு பண்ணிட்டோம்.

சில கேள்வித்தாளும் உண்டு, எம்டிக்யூன்னு 13 கேள்வி இருக்கிற ஒண்ணு, எச்சிஎல்-32ன்னு 32 கேள்வி இருக்கிற ஒண்ணு. நெட்டுல இதெல்லாம் கிடைக்கும், போட்டுப் பாத்துட்டு எனக்கு பைபோலார்னு முடிவு பண்ணிடாதீங்க. இன்னும் ஆழமா கேக்கணுமா வேண்டாமான்னு சொல்றதுக்குத்தான் அது, சல்லடை மாதிரி, பேர் வைக்கிறது டாக்டரோட நேர்ப்பேச்சுதான்.

அப்புறம் குடும்பக் கதை. பைபோலார்ல பரம்பரையோட பங்கு பெருசு, அதனால "உங்க வீட்டுல யாருக்காவது மனநலப் பிரச்சனை உண்டா"ன்னு கேப்பாங்க, நாம உடனே இல்லன்னு சொல்லிடுவோம். நம்ம வீடுகள்ல அந்தக் கதையெல்லாம் வேற பேர்லதான் இருக்கு, "பெரியப்பா ஒரு மாதிரி", "சித்திக்கு காத்து கருப்பு அடிச்சுது", "தாத்தா சொத்தை எல்லாம் ஒரே மாசத்துல வித்து கோயில் கட்டப் போனார்", "அத்தை கால் வழுக்கி கிணத்துல விழுந்துட்டாங்க". பொண்ணு மாப்பிள்ளை பேச்சு கெட்டுடும்னு பெரியவங்க மூடி வச்சது, அவங்க பயம் எனக்குப் புரியுது, ஆனா டாக்டர் ரூம்லயாவது அதைத் திறந்து சொல்லணும். எங்க அம்மா ஒரு வாரம் யோசிச்சுட்டுத்தான் எங்க தாய்மாமனைப் பத்திச் சொன்னாங்க.

டிப்ரஷன்னு வந்தவங்கள்ல யாரை டாக்டர் கூடுதலா சந்தேகப்பட்டுப் பாப்பாங்கன்னா, முதல் டிப்ரஷன் 25 வயசுக்குள்ளயே வந்தவங்க, திரும்பத் திரும்ப வர்றவங்க, பிரசவம் ஆன உடனே மனசு விழுந்தவங்க, டிப்ரஷன்ல தூங்கிட்டே இருக்கிறவங்க, டிப்ரஷன் மாத்திரை ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே படபடன்னு ஆகி தூக்கம் கெட்டவங்க. இதுல ஒண்ணு இருந்தா பைபோலார்னு அர்த்தம் இல்ல, நல்லாக் கேட்டுப் பாக்கணும்னு அர்த்தம்.

எதிர்ப்பக்கத் தப்பும் நடக்குது, அதையும் சொல்லியாகணும். காலையில சிரிச்சு சாயங்காலம் அழுதா "எனக்கு பைபோலார் போல"ன்னு ரீல்ஸ் பாத்துட்டு சொல்ற பசங்க இப்ப நிறைய. ஒரே நாள்ல மணிக்கணக்குல மனசு மாறுறது பைபோலார் டூ கிடையாது, இது நாள்கணக்கு, வாரக்கணக்கு, மாசக்கணக்குல ஓடுறது. ஒருத்தர் போன் எடுக்கலைன்னா உடைஞ்சு போய், எடுத்த உடனே சரியாகிடுற மாதிரி உறவைச் சுத்தியே மனசு ஆடுதுன்னா டாக்டர் பார்டர்லைன் பர்சனாலிட்டி பக்கம் யோசிப்பாங்க. சின்ன வயசுல இருந்தே விடாம கவனம் சிதறுறது, துறுதுறுன்னு இருக்கிறதுன்னா ஏடிஎச்டி பக்கம் யோசிப்பாங்க, ஏன்னா அது வந்து வந்து போறது இல்ல, எப்பவும் கூடவே இருக்கிறது. பைபோலாரோட இதுல ஒண்ணும் சேர்ந்தே இருக்கிறவங்களும் உண்டு, அதனாலதான் இது ஒரே சந்திப்புல முடியுற வேலை இல்ல. இன்னைக்கு பைபோலார் டூன்னு சொன்னது பின்னாடி மாறவும் செய்யலாம், 100 பேர்ல ஏறக்குறைய 5ல இருந்து 15 பேருக்குப் பிற்காலத்துல முழு மேனியா வந்து ஒண்ணாம் வகைன்னு மாத்தி எழுத வேண்டி வருது.

டாக்டருங்களுக்கே இந்தப் பிரிவு பழசு இல்ல. உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வர்றது ஒரே நோய்தான்னு பாரிஸ்ல ஃபால்ரே, பையார்ஷேன்னு ரெண்டு டாக்டருங்க 1850கள்லயே சொல்லிட்டாங்க. ஆனா ஆஸ்பத்திரி வரைக்கும் போகாத சின்ன எழுச்சி இருக்கிறவங்களைத் தனி வகையா பிரிச்சது 1976லதான், அமெரிக்காவுல டன்னர், கெர்ஷான், குட்வின் மூணு பேரும் எழுதுன கட்டுரையில. டிஎஸ்எம் கையேட்டுல 1994லதான் சேந்துச்சு, உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியல்ல தனிப் பேரோட வந்தது 2022ல நடைமுறைக்கு வந்த ஐசிடி-11லதான்.

பேர் எதுவா இருந்தா என்ன, மாத்திரை மாத்திரைதானேன்னு எங்க மாமா கேட்டார். அப்படி இல்ல. வெறும் டிப்ரஷன் மாத்திரை மட்டும் குடுத்தா சில பேருக்கு மனசு மேல தூக்கி எறியப்படும், ஏத்த இறக்கம் வேகமாகலாம், இல்லன்னா எங்க அண்ணனுக்கு நடந்த மாதிரி ஏழு வருஷம் அரைகுறையாவே ஓடும். பைபோலார்னு தெரிஞ்சா மனநிலையை நிலைநிறுத்துற மருந்துதான் அடித்தளம். லித்தியம் 1949ல இருந்து, ஆஸ்திரேலியாவுல ஜான் கேட்ங்கிற டாக்டர் கண்டுபிடிச்சதுல இருந்து இருக்கு, அதுக்கு ரத்தத்துல அளவு பாக்கணும், கிட்னியும் தைராய்டும் அப்பப்ப பாக்கணும். லாமோட்ரிஜின் இருக்கு, அதை ரொம்ப மெதுவா ஏத்துவாங்க, உடம்புல தடிப்பு வந்தா உடனே டாக்டரைப் பாக்கணும். க்வெட்டியாபின் இருக்கு. வால்ப்ரோயேட்னு ஒண்ணு இருக்கு, வயித்துல வளர்ற குழந்தையைப் பாதிக்கும்ங்கிறதால குழந்தை பெத்துக்கிற வயசுல இருக்கிற பொண்ணுங்களுக்குக் குடுக்கிறதைத் தவிர்க்கப் பாப்பாங்க. எது யாருக்குன்னு டாக்டர்தான் சொல்லணும், இதைப் படிச்சுட்டு சாப்பிடுற மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க, அதைக் கெஞ்சிக் கேட்டுக்குறேன்.

இனி எப்படிப் போகணும்னு. தனியா போகாதீங்க, உங்களை அஞ்சாறு வருஷமா பக்கத்துல இருந்து பாத்தவங்க ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க, பொண்டாட்டியோ புருஷனோ அக்காவோ ரூம்மேட்டோ. நீங்க சாப்பிட்ட பழைய மாத்திரைச் சீட்டெல்லாம் எடுத்துக்கோங்க. அதோட காலண்டர். எங்க அண்ணி மாசக் காலண்டர்ல பால் கணக்கு, கேஸ் சிலிண்டர் மாத்துன தேதியோட "தூங்கல", "ரூமை விட்டு வரலை", "கடன் வாங்குனார்"னு சின்னச் சின்னதா எழுதி வச்சிருந்தாங்க, யாருக்கும் காட்ட இல்ல, மனசு ஆத்தாம எழுதுனது. ரெண்டாவது தடவை போறப்ப டாக்டரம்மா அதைக் கேட்டு வாங்கி, மூணு வருஷக் காலண்டரையும் மேசையில விரிச்சுப் போட்டு ரெண்டு கலர் பேனாவுல வட்டம் போட்டாங்க. மூட் சார்ட்னு அவங்க வைக்கச் சொல்றதும் இதேதான், தினமும் எத்தனை மணி நேரம் தூங்குனீங்க, மனசு எப்படி இருந்துச்சு, எதாவது பெருசா செலவு பண்ணீங்களா, ஒரு வரி போதும்.

காசு இல்லன்னு தயங்க வேண்டாம், அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள்லயும் மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிகள்லயும் மனநலப் பிரிவு ஓபி இருக்கு, சென்னையில கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் 1794ல இருந்து இருக்கு, அங்க போறதுக்கு வெக்கப்பட ஒண்ணும் இல்ல. எங்க போறதுன்னே தெரியலைன்னா, இல்ல இந்த நிமிஷமே உங்களுக்கோ வீட்டுல ஒருத்தருக்கோ உசுர விட்டுடலாம்னு நினைப்பு ஓடுதுன்னா, டெலிமானஸ்ங்கிற மனநல உதவி எண் 14416க்கு போன் போடுங்க, 2022ல மத்திய அரசு ஆரம்பிச்சது, காசு கிடையாது, ராத்திரி ரெண்டு மணின்னாலும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.